அக்கானிக்கு எந்த பிஎச் மீட்டர்? வாங்கியவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

கருங்கல்லிலிருந்து:
எங்கள் விளையில் அக்கானி (பதநீர்) காய்ச்சிக் கருப்பட்டி போடுகிறோம். கலயத்தில் சுண்ணாம்பு குறைந்தால் அக்கானி புளித்துவிடுகிறது. பாகு இறுகாமல் சிரட்டையிலேயே பிசுபிசுத்துக் கிடக்கிறது. கூடிவிட்டாலோ கருப்பட்டி கறுத்துவிடுகிறது, ருசியும் கெடுகிறது. பாட்டா ஒரு மிடறு குடித்தே சொல்லிவிடுவார். எனக்கு அந்த நாக்கு வாய்க்கவில்லை. அதனால்தான் புளிப்பையும் காரத்தன்மையையும் எண்ணில் காட்டும் பிஎச் மீட்டர் தேடுகிறேன். இங்கிலாந்தில் வீட்டிலேயே பீர் காய்ச்சும் மைத்துனர், தன்னிடம் உள்ள மீட்டரையே வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

ராஜாக்கமங்கலத்திலிருந்து:
மைத்துனர் எதை அளக்கிறார் என்று முதலில் பாருங்கள் அண்ணே. பீருக்கு அரைத்த பார்லி மால்ட்டை வெந்நீரில் ஊறவைக்கும்போது பிஎச் 5.2 முதல் 5.6 வரை இருக்க வேண்டும். அவருக்கு, பிஎச் 4, 7 என்று அளவு தெரிந்த கரைசல்களால் மீட்டரைச் சரிபார்த்தால் போதும். சுண்ணாம்பு சேர்ந்த அக்கானி காரத்தன்மை ஏறி 7க்கு மேலே நிற்கும். நமக்கு 7, 10 இரண்டும் வேண்டும். நான் வாங்கப் போனபோது கடைக்காரர் 4, 7 பொட்டலங்கள் மட்டும் இருந்த பெட்டியைத் தலையில் கட்டப் பார்த்தார். பத்து எங்கே என்றதும், "அதையெல்லாம் யார் கேட்கிறார்கள்?" என்று முகம் சுளித்தார். வேறு கடைக்குப் போய்விட்டேன்.

திரையில் இரண்டு தசமம் தெரிவதில் மயங்காதீர்கள். 0.01 வரை காட்டும் மலிவு மீட்டர்கள் சிலவற்றின் அட்டையிலேயே, துல்லியம் ±0.1 என்று பொடி எழுத்தில் இருக்கும். கருப்பட்டிக்கு அது தாராளம். மிச்சக் காசை, முக்கி அளக்கும் மின்முனையைத் தனியே கழற்றி மாற்றக்கூடிய மீட்டருக்குப் போடுங்கள். அதன் நுனியிலுள்ள கண்ணாடிக் குமிழ் எப்படியும் ஓரிரு ஆண்டுகளில் சோர்ந்துவிடும்.

தக்கலையிலிருந்து:
சூட்டை மீட்டரே ஈடுகட்டிக்கொள்ளும் என்ற விளம்பரத்தை நம்பிக் கொதிக்கும் பாகில் முக்கிவிடாதீர்கள். அந்த வசதி மின்முனையின் கணக்கை மட்டுமே திருத்தும்; கண்ணாடியைக் காப்பாற்றாது. கொஞ்சம் எடுத்து ஆறவைத்து அளப்பதே வழி. பீர்க்காரர்களும் அப்படித்தான் செய்கிறார்கள். எங்கள் அத்தான், சுத்தமாக இருக்கட்டும் என்று பேட்டரிக்கு ஊற்றும் வடிநீரில் மின்முனையை ஊறப்போட்டு வைத்தார். அளவு தள்ளாட ஆரம்பித்தது. பொட்டாசியம் குளோரைடு கரைசலில்தான் வைக்க வேண்டும். குமிழில் சுண்ணாம்பு படிந்தால் வினிகரில் சற்று நேரம் வைத்துக் கழுவுங்கள்.

கருங்கல்லிலிருந்து:
நன்றி. 10 கரைசலைப் பெரிய பாட்டிலாக வாங்கிவிடலாமா?

ராஜாக்கமங்கலத்திலிருந்து:
வேண்டாம். திறந்த பாட்டில் காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துப் பத்துக்குக் கீழே இறங்கிவிடும். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் சிறு பொட்டலங்களாக வாங்குங்கள்.