பிள்ளைங்களோட பாண்டியில ரெண்டு நாள்: உங்க அனுபவம் சொல்லுங்க

கடலூர்_அம்மா:
பாண்டியில ரூம் போட்டுத் தங்கப் போறோம்னு சொன்னதும் வீட்ல ஒரே சிரிப்பு. பஸ் ஏறினா முக்கா மணி நேரம், இதுக்கு லாட்ஜ் வாடகையான்னு. ஊர் சுத்தறதுக்கா போனோம்? ரெண்டு நாள் சமைக்காம, மணி பார்க்காம, பெரியவனையும் (5 வயசு) கைக்குழந்தையையும் வெச்சுக்கிட்டு சும்மா இருக்கணும், அவ்ளோதான். அதெல்லாம் நல்லாவே போச்சு. மனசுல கிடந்து உறுத்துறது வேற.

கிளம்பறப்ப மாமியார் பேரன்கிட்ட, "மணக்குள விநாயகர் கோயில்ல லட்சுமி யானை இருக்கும், அருகம்புல் குடு, தும்பிக்கையைத் தலையில வெக்கும்"னு சொல்லி அனுப்பிட்டாங்க. லட்சுமி 2022 நவம்பர் 30 காலையில நடைக்குப் போன இடத்துலயே விழுந்து செத்துப்போச்சு, ஊரே திரண்டு வந்து அழுதுது. அவங்களுக்கு மறந்துபோச்சு. எனக்கு ஞாபகம் இருந்துது, ஆனா பஸ்ல அவன் குதிச்ச குதியைப் பார்த்து சொல்ல வாய் வரல.

வாசல்ல ஒரு கட்டு புல்லு அவனே காசு குடுத்து வாங்கினான். வாங்கி, ரெண்டு கையாலயும் நெஞ்சோட அணைச்சுக்கிட்டு நின்னான். நகரவே இல்ல. பூக்கார அம்மா என் முகத்தைப் பார்த்தே புரிஞ்சுக்கிட்டு, "உள்ள பிள்ளையாருக்குப் போடு கண்ணு, அவருக்கும் யானை மூஞ்சிதான்"னாங்க. "அவரு சாப்பிட மாட்டாரு"ன்னான். நான் சட்டுன்னு, "யானை ஊருக்குப் போயிருக்குடா"ன்னுட்டேன்.

இப்ப பாண்டி பஸ் எதிர்ல வந்தாலே "யானை வந்துடுச்சாம்மா?"ங்கறான். உங்க யாருக்காவது இப்படி ஏதாவது?

முத்தியால்பேட்டைக்காரன்:
சிஸ்டர், நான் உள்ளூர். என் கதை சின்னது. பீச் ரோட்டுல சாயங்காலம் 6 மணிலேர்ந்து காலையில 7.30 வரைக்கும் வண்டி விட மாட்டாங்க இல்லியா, அந்த தைரியத்துல பொண்ணை மூணு சக்கர சைக்கிளோட நடு ரோட்டுல விட்டுட்டு காந்தி சிலைக்கிட்ட டீ குடிச்சிட்டு இருந்தேன். மணியைப் பார்க்கல. தடுப்பை எடுத்துட்டாங்க, பைக்கு வருது. சிவப்புத் தொப்பி போலீஸ்காரர் ஒருத்தர் ஓடிவந்து, சைக்கிளோட சேர்த்து அவளைத் தூக்கி நடைபாதையில வெச்சாரு. என்னை ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருந்தா மறந்திருப்பேன்.

இப்ப விஷயத்துக்கு வரேன், அடுத்து வர்றவங்களுக்கும் ஆகும். கைக்குழந்தையோட அரவிந்தர் ஆசிரமத்துக்குப் போகாதீங்க, 3 வயசுக்குக் கீழ உள்ள விட மாட்டாங்க. ஒருத்தர் உள்ள போக ஒருத்தர் வெயில்ல நிக்கணும். ஆரோவில்ல மாத்ரிமந்திர் தியான மண்டபத்துக்கு உள்ளயும் 10 வயசுக்குக் கீழ கிடையாது. வெளிய வியூ பாயின்ட்லேர்ந்து தங்க உருண்டையைப் பார்த்துட்டு வரலாம், ஆனா ஒரு கிலோமீட்டர் பக்கம் நடை, திரும்புறப்ப பிள்ளை உங்க தோள்லதான். தாவரவியல் பூங்கா போங்க, 1826லேர்ந்து இருக்கு, நிழல்னா அது நிழல். மியூசியம் திங்கக்கிழமை லீவு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் காந்தி வீதி பக்கம் தள்ளுவண்டிக் குழந்தையோட தலைகாட்டாதீங்க, சண்டே மார்க்கெட் கூட்டத்துல கால் வைக்க இடம் இருக்காது. ரூமை பீச்சுக்கு நடக்குற தூரத்துல போடுங்க, 500 ரூபாய் மிச்சம்னு பஸ் ஸ்டாண்டு பக்கம் போட்டா அந்தக் காசு ஆட்டோவுக்குப் போயிடும். மத்தியானம் 12லேர்ந்து 4 வரைக்கும் தூங்க வெச்சிடணும். எங்க வீட்ல இதை யாரும் கேக்கறதில்ல, அது வேற.

தேவனாம்பட்டினம்_அலை:
மேல இருக்கிற அண்ணன் பெரிய பட்டியலே போட்டுட்டாரு, அந்த அம்மா கேட்டது யானை.

சரி, நானும் சொல்லிடறேன். பாண்டி பீச்சு பாண்டி பீச்சுன்னு தலையில தூக்கி வெச்சு ஆடறீங்க, பாதி தூரம் கருங்கல்லுதானே? தலைமைச் செயலகம் பக்கம் இப்பதான் கொஞ்சம் மணல் சேர்ந்திருக்கு. பிள்ளைங்களுக்கு வேண்டியது மணல். எங்க சில்வர் பீச்சுல கொட்டிக் கிடக்கு, ஆனா கடலூர்க்காரங்களே பாண்டிக்கு ஓடறாங்க.

நானும் ஓடினேன், அதையும் ஒத்துக்கறேன். நோணாங்குப்பம் சுண்ணாம்பாறுல படகு ஏறி பாரடைஸ் பீச். அங்க அலை இழுக்கும், பிள்ளையை முழங்கால் தண்ணிக்குக் கூட விடாதீங்க. என் தங்கச்சி பொண்ணு மூணு வயசு, திரும்பற படகுல கையை மூடிக்கிட்டே உக்காந்திருந்தா. என்னன்னு கேட்டா திறக்க மாட்டேங்குறா. தவளக்குப்பம் தாண்டி பஸ்ல தூங்கினப்பதான் விரல் தானா விரிஞ்சுது. உள்ளங்கை நிறைய மணல், வேர்வையில கெட்டியா, ஆயுள் ரேகை அச்சோட. கண்டக்டர் வந்து நிக்கிறாரு, நான் சில்லறை எடுக்கிற அவசரத்துல ஜன்னல் வழியா தட்டி விட்டுட்டேன். கடலூர்ல எழுந்ததும் கையை விரிச்சுப் பார்த்தா. அழல. என்னையே பார்த்தா.

வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி அவ்ளோ மணல் இருக்குன்னு சொன்னேன். "அது இது இல்ல"ன்னா.

நெய்வேலி_அப்பா:
ஒயிட் டவுன்ல ஒரு ரெஸ்டாரன்ட், பேரு வேண்டாம். மெனுவுல இருக்கிற எதையும் என் பையன் வாயில வெக்கல, "தயிர்சாதம்"னு ஒரே அலறல். பக்கத்து மேஜையில வெள்ளைக்காரங்க திரும்பிப் பார்க்கறாங்க, வீட்டுக்காரி என்னை முறைக்கிறா (இடம் நான் பார்த்தது). சர்வர் தம்பிக்கு இருபது வயசு இருக்கும். உள்ள போனவன், எவர்சில்வர் டிபன் பாக்ஸ் மூடியில தயிர்சாதமும் ஓரத்துல மாவடுவும் வெச்சுக் கொண்டாந்தான். மூடியைப் பார்த்ததும்தான் தெரிஞ்சுது, அது அவன் சாப்பாடு. பையன் வழிச்சு சாப்பிட்டான்.

பில்லுல அது இல்ல. காருக்குப் போய், மனசு கேக்காம திரும்பி வந்தேன். ஷிப்ட் முடிஞ்சு கிளம்பிட்டான்னாங்க. பேரு கூட கேக்கல. மத்தியானம் அவன் என்ன சாப்பிட்டிருப்பான்?

முத்தியால்பேட்டைக்காரன்:
தேவனாம்பட்டினம் தம்பி, சில்வர் பீச்சு நல்ல பீச்சுதான், யாரு இல்லேன்னா? சாயங்காலம் ஆனா நடைபாதையில பிள்ளை சைக்கிள் ஓட்ட முடியுமா அங்க? கூட்டத்துல பஜ்ஜிக் கடைக்கும் பலூன் கடைக்கும் நடுவுல பூந்து பூந்துதான் போகணும். நெய்வேலி சார், மறுபடி போறப்ப அந்தத் தம்பிய விசாரிங்க, ஒயிட் டவுன் சின்ன ஊருதான், ஒருத்தரைக் கேட்டா ஒருத்தர் சொல்லிடுவாங்க.

கடலூர்_அம்மா:
எல்லாத்தையும் படிச்சேன். லிஸ்ட்டை எடுத்து வெச்சுக்கிட்டேன் அண்ணே, கோவிச்சுக்காதீங்க.

புல்லு என்ன ஆச்சுன்னு யாரும் கேக்கல, இருந்தாலும் சொல்றேன். ரூமுக்குக் கொண்டாந்து பாத்ரூம் மக்குல தண்ணி ஊத்தி வெச்சான். மறுநாள் நேரு வீதியில ஒரு மாட்டுக்குக் குடுக்கலாம்னேன், மாட்டேன்னுட்டான். கடலூருக்கே வந்துடுச்சு.

நேத்து ஸ்கூல்லேர்ந்து வந்தவன் பையைக் கூட இறக்கல. கைக்குழந்தைக்குச் சோறு ஊட்டிட்டு இருந்தேன், பக்கத்துல வந்து உக்காந்து என் முழங்கை மேல கையை வெச்சான். "அம்மா, ஒண்ணு சொல்றேன், நீ அழக்கூடாது"ன்னான். கூடப் படிக்கிற பொண்ணு சொல்லியிருக்கு. அவனுக்குத் தெரிஞ்ச மாதிரி எனக்கும் இப்பதான் தெரியுதுன்னு நினைச்சுக்கிட்டான்.

நானும் தெரியாத மாதிரியே கேட்டுக்கிட்டேன்.