புதுப்பிப்பு: பி.காம் படித்துவிட்டுச் சுற்றுச்சூழல் வேலை, கிடைத்துவிட்டது

ஆடிட்டர் ஆபீசில் இருந்த நான், அறிவியல் பட்டம் இல்லாமல் சென்னையில் சுற்றுச்சூழல் வேலைக்குப் போக முடியுமா என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. சதுப்புநிலங்களில் வேலை செய்யும் ஒரு சிறு அமைப்பில் சேர்ந்துவிட்டேன்.

கைகொடுத்தது கியூஜிஐஎஸ் கற்றுக்கொள்ளச் சொன்னவரின் யோசனை. வரைபடம் தயாரிக்க உதவும் இலவச மென்பொருள்தான். 2022-இல் ராம்சார் பட்டியலில் (உலக அளவில் முக்கியமான சதுப்புநிலங்களின் பட்டியல்) சேர்ந்த பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் வாரக்கடைசிகளில் பறவைகளைப் பார்த்து இ-பேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் பதிந்து, அப்புறம் அந்தப் பதிவுகளையே வரைபடமாக்கி விண்ணப்பத்தோடு அனுப்பினேன், நேர்காணலில் பாதி நேரம் அதைப் பற்றித்தான் பேச்சு. பெசன்ட் நகர் ஆமை நடைக்குப் (கடலாமை முட்டைகளைத் தேடிப் பாதுகாக்க இரவில் கடற்கரையில் நடப்பது) போகச் சொன்னதும் நல்ல யோசனை, இந்தத் துறை ஆட்கள் பலர் அங்கேதான் பழக்கமானார்கள்.

எதிர்பாராதது, டேலி என்ற கணக்கு மென்பொருளில் எனக்கிருந்த அனுபவத்தையும் கேட்டார்கள். திட்ட நிதிக்குக் கணக்கு எழுதவும் தெரிந்து, சேற்றில் இறங்கவும் தயாரான ஆள் கிடைப்பது அரிதாம். வணிகவியல் படித்தவர்கள் அதை விண்ணப்பத்தில் மேலேயே போடுங்கள். சம்பளம் முன்பைவிடக் குறைவு, அதை முதலிலேயே கேட்டுவிடுங்கள்.