ரெண்டு கையிலும் வாள்: அம்பிடெக்ஸ்ட்ரிட்டி ஃபீட் எங்கே போச்சு?

கேள்வி:
டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பாத்திரமேற்று ஆடும் மேஜை விளையாட்டின் ஐந்தாம் பதிப்பு, 2014 புத்தகம் வைத்து ஆடுகிறோம். என் பாத்திரம் ரோக் (பதுங்கித் தாக்கும் ஆள்), முதல் லெவல். இரண்டு கையிலும் ஷார்ட்ஸ்வோர்ட். எங்கள் டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) பழைய ஆள். "மறு கை அடிக்கு மைனஸ் உண்டு, அம்பிடெக்ஸ்ட்ரிட்டி எடுத்தால்தான் குறையும்" என்கிறார். புத்தகம் முழுக்கத் தேடியும் இரு கையையும் ஒன்றுபோல் பழக்கும் அப்படி ஒரு ஃபீட் (பாத்திரம் கூடுதலாக எடுக்கும் சிறப்புத் திறமை) இல்லை. நிஜத்தில் நான் பீச்சாங்கைக்காரன். ஸ்கூலில் வாங்கியது போதாதா, இங்கேயும் அபராதமா?

பதில்:
டிஎம் சொல்வது பொய்யில்லை, வேறு பதிப்பு. 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பில் அந்த ஃபீட் இருந்தது. எந்தப் பயிற்சியும் இல்லாமல் இரண்டு ஆயுதம் எடுத்தால் பகடை உருட்டலில் முதல் கைக்கு மைனஸ் 6, மறு கைக்கு மைனஸ் 10. மறு கையில் லைட் (எடை குறைந்த) ஆயுதம் இருந்து, அம்பிடெக்ஸ்ட்ரிட்டி, டூ-வெப்பன் ஃபைட்டிங் இரண்டு ஃபீட்டும் இருந்தால்தான் கைக்கு மைனஸ் 2 ஆகும்.

அப்போது வீம்புக்கு இரண்டு லாங்ஸ்வோர்ட் பிடித்த ஃபைட்டர் ஒருவனை ஆடினேன். தாக்குதல் போனஸ் 4, ஃபீட் எதுவும் கிடையாது. மறு கைக்கு டி20 (இருபது பக்கப் பகடை) உருட்டினால் 19! மேஜையே கத்தியது. கூட்டிக் கழித்தால் 13. எதிரியின் ஏசி, அதாவது அடி பட எட்ட வேண்டிய எண், 14. அந்தக் கடுப்பு இன்னும் போகவில்லை.

2003-இல் 3.5 வந்தபோது இரண்டு ஃபீட்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள். உங்கள் பதிப்பில் இடது, வலது என்ற பேச்சே இல்லை. இரண்டும் லைட் ஆயுதமாக இருந்தால் போதும்; ஷார்ட்ஸ்வோர்ட் லைட்தான். ஒன்றால் அடித்த பிறகு, அந்தச் சுற்றில் கிடைக்கும் ஒரு கூடுதல் செயலான போனஸ் ஆக்‌ஷனில் மற்றதால் அடிக்கலாம், உருட்டலில் மைனஸ் கிடையாது. இரண்டாவது அடியின் டேமேஜில் டெக்ஸ் (சுறுசுறுப்பு) போனஸ் சேராது, அவ்வளவுதான்.

இன்னொரு பதில்:
ரோக்குக்கு இரண்டாவது கத்தி டேமேஜுக்காக இல்லை, ஸ்னீக் அட்டாக்குக்கு (கூடுதல் டேமேஜ் தரும் ரோக்கின் அடி) இன்னொரு வாய்ப்பு. ஒரு அடி படும் வாய்ப்பு 60 சதவீதம் என்றால், இரண்டில் ஒன்றாவது பட 84. ஆனால் இரண்டாம் லெவலில் ரோக்குக்குத் தப்பிக்க உதவும் கன்னிங் ஆக்‌ஷன் வந்ததும் யோசிக்க வேண்டும். முதல் அடி பட்டால் மற்றதை விட்டுவிட்டு டிஸ்எங்கேஜ் செய்து (பதிலடி வாங்காமல் விலகி) ஓடுங்கள்; இரண்டுக்கும் ஒரே போனஸ் ஆக்‌ஷன்தான். 2024 விதிக்கு மாறினால் ஒரு கையில் டாகர் வையுங்கள். அதன் நிக் மாஸ்டரி (ஆயுதத்துக்கான தனித் தேர்ச்சி) எடுத்தால் அந்தக் கூடுதல் அடிக்குப் போனஸ் ஆக்‌ஷனே வேண்டாம்.

கேட்டவர்:
நன்றி. டிஎம்மிடம் பக்கத்தைத் திறந்து காட்டினேன். "சரி, மைனஸ் வேண்டாம்" என்று ஒத்துக்கொண்டார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்: "உன் ரோக் மனுஷன்தானே? குகை இருட்டில் தீப்பந்தத்தை எந்தக் கையில் பிடிப்பாய்?"