லாரி பாடிக்கு மின்வேலிக் கருவியை இணைக்கலாமா?

கேள்வி: திருச்செங்கோடு, லாரி உரிமையாளர்
என்னிடம் 12 சக்கர லாரிகள் இரண்டு உள்ளன. வடக்கே லோடு கொண்டு போகும் ஓட்டுநர் சாலையோரம் நிறுத்திக் கண்ணயரும் நேரம் பார்த்து டீசலை உறிஞ்சுவதும், தார்ப்பாயை அறுப்பதும், தட்டிக் கேட்டால் கல்லெறிவதும் இந்த ஆண்டில் மட்டும் மூன்று முறை நடந்துவிட்டன. தோட்டத்தில் காட்டுப்பன்றிக்காகப் போட்ட சோலார் வேலியின் கருவி சும்மாதான் கிடக்கிறது. அதைப் பாடியோடு இணைத்தால் தொடுகிறவன் ஓடிவிட மாட்டானா? இன்வெர்ட்டர் வைத்து 230 வோல்ட்டையே கொடுக்கலாம் என்கிறார் எங்கள் பட்டறைக்காரர்.

மறுமொழி: பெருந்துறை, எலக்ட்ரீசியன்
பட்டறைக்காரர் பேச்சை முதலில் விட்டுவிடுங்கள். வேலிக் கருவி சில ஆயிரம் வோல்ட் கொடுத்தாலும் நொடிக்கு ஒருமுறை, கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைவாகத் துடித்து அடங்குவதால்தான் பன்றி சாகாமல் திரும்புகிறது. 230 வோல்ட் அப்படி விடாது. பிடித்த கையை இறுக்கிக்கொள்ளும். வேலியில் நேரடி மின்சாரம் கொடுத்து மனிதரும் யானையும் மாண்ட கதைகள் நம் பக்கம் போதுமான அளவு உண்டு.

வேலிக் கருவியிலும் சிக்கல் இருக்கிறது. அதன் ஒரு முனை கம்பிக்கும் மறுமுனை மண்ணில் அடித்த எர்த் கம்பிக்கும் போக வேண்டும். லாரியோ ரப்பர் டயரின்மேல் நிற்கிறது. நிறுத்தும் இடமெல்லாம் கம்பி அடித்தாலொழியச் சுற்று முழுமையாகாது. அடித்தாலும், காய்ந்த தார்ச்சாலையில் செருப்போடு நிற்கும் திருடனுக்கு லேசாகவே உறைக்கும். விடியற்காலையில் ஈர மண்ணில் ஒரு காலை ஊன்றிக் கைப்பிடியைப் பற்றும் உங்கள் கிளீனர்தான் முழுதாக வாங்குவார். போதாக்குறைக்கு, பேட்டரியின் மைனஸ் சேஸிஸோடு இணைந்திருக்கிறது. அந்த இரும்பிலேயே துடிப்பை விட்டால், இன்றைய வண்டிகளில் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டியான இசிஎம் போய்விடக்கூடும். அதன் விலைக்கு எத்தனை டேங்க் டீசல் அடிக்கலாம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மறுமொழி: ஈரோடு, வழக்கறிஞர்
2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமையைத் தருகின்றன. ஆனால் தேவைக்கு மிஞ்சிய தீங்கை 37ஆம் பிரிவு அனுமதிப்பதில்லை. உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ அஞ்ச வேண்டிய சூழல் இல்லாத வெறும் திருட்டில், திருடன் உயிரைப் போக்க உரிமையே கிடையாது. ஓட்டுநர் உறங்கும்போது தானாக ஓடும் கருவிக்குத் திருடன் யார், வழி கேட்கக் கதவைத் தட்டியவர் யார் என்று தெரியாது.

மறுமொழி: சங்ககிரி, லாரி உரிமையாளர்
நாங்கள் டேங்க் வாயினுள் சல்லடை பொருத்தி, மூடிக்குப் பூட்டும் போட்டுவிட்டோம். இரண்டு லாரிகள் சேர்ந்து போனால், விளக்கெரியும் பங்க்கில் ஒன்றின் டேங்க் பக்கம் மற்றதன் டேங்க் பக்கத்தைப் பார்க்கும்படி, இடையில் ஆள் நுழைய முடியாத அளவுக்கு நெருக்கி நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். தார்ப்பாய்க்கு மட்டும் இன்னும் வழி கிடைக்கவில்லை.