மறு: அனல்மின் நிலையத்துக்கு மேலே தெரிவது ‘புகைத்தாரை’யா, ‘உமிழ்கொடி’யா?

நண்பர்களே,

மின் நிலைய உமிழ்வைச் செயற்கைக்கோள் படங்களிலிருந்து கணினி கணிப்பது பற்றிய நம் பாடத்தை வெள்ளிக்கிழமை அச்சுக்கு அனுப்பியாக வேண்டும். உமிழ்வு, செயற்கைக்கோள், செயற்கை நுண்ணறிவு என்ற சொற்கள் எதிலும் தகராறு இல்லை. நிலையத்திலிருந்து எழுந்து காற்றில் நீளும் வாயு அல்லது ஆவியின் வால், ஆங்கிலத்தில் ‘ப்ளூம்’ (plume), அதற்கான தமிழ்ச்சொல் ஒன்றுதான் இழுக்கிறது.

> புகைத்தாரை என்றால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். எதற்கு இவ்வளவு யோசனை?

புரியும் ஐயா, ஆனால் தப்பாகப் புரியும். கரியமில வாயு கண்ணுக்குத் தெரியாது. செயற்கைக்கோள் படத்தில் கணினி முக்கியமாகத் தேடுவது குளிர்விப்புக் கோபுரத்திலிருந்து எழும் வெண்ணிற நீராவியை. ஆவி எழுந்தால் நிலையம் ஓடுகிறது. எவ்வளவு மின்சாரம் என்று கணித்து, எரிபொருளுக்கேற்ற உமிழ்வுக் கெழுவால் (ஓரலகு மின்சாரத்துக்கு எவ்வளவு கரியமில வாயு என்ற எண்ணால்) பெருக்குகிறார்கள். புகைபோக்கியிலேயே அளவி பொருத்திய நிலையங்களின் பதிவுகளைக் கொண்டுதான் கணினியைப் பழக்குகிறார்கள். 2020இல் தொடங்கிய கிளைமேட் டிரேஸ் கூட்டமைப்பு இப்படித்தான் செய்கிறது. கடல்நீரில் குளிர்விக்கும் நிலையங்கள் பலவற்றில் கோபுரமே இராது; அங்கே அகச்சிவப்புப் படத்தில் வெப்பத்தைப் பார்க்க வேண்டும். இதில் புகை எங்கே வந்தது?

> ‘தாரை’ வடசொல். இளங்கோவடிகளே ‘புகைக்கொடி’ தந்திருக்கிறாரே.

தந்தார், வால்மீனுக்கு. ‘கரியவன் புகையினும் புகைக்கொடி தோன்றினும்’, நாடுகாண் காதை. புறநானூற்றில் கபிலர் அதையே ‘தூமம்’ என்கிறார்: ‘மைம்மீன் புகையினும் தூமம் தோன்றினும்’. தூமமும் வடசொல்தான், அவர் தயங்கவில்லை. அதனால் தாரையை வடசொல் என்று தள்ள மாட்டேன், புகையைத்தான் தள்ளுகிறேன்.

கொடியை விட மனம் வரவில்லை. அடி ஓரிடத்தில் நிற்க, நுனி காற்றுப் போகும் பக்கம் போகிறது. ஆகவே உமிழ்கொடி. வினைத்தொகை, ஒற்று மிகாது. நீராவிக்கும் பொருந்தும், சென்டினல்-5பி செயற்கைக்கோளின் டிரோபோமி கருவி காட்டும் நைட்ரஜன் டைஆக்சைடுக்கும் பொருந்தும். அதுவோ பல கிலோமீட்டர் நீளும், புகையுமில்லை, ஆவியுமில்லை.

> உமிழ்கொடி என்றால் எதையோ துப்பும் செடி என்று படுகிறது. ப்ளூம் என்றே எழுதலாமே?

அம்மா, இதே நூலில் பாசிப்பெருக்கம் பற்றி ஒரு பாடம் இருக்கிறது. அதன் ஆங்கிலப் பெயரையும் (bloom) தமிழில் ‘ப்ளூம்’ என்றுதான் எழுத முடியும். பிள்ளை என்ன செய்யும்?

பெரும்பாலோர் புகைத்தாரைக்கே சாய்கிறீர்கள். சரி, அச்சில் அதுவே போகட்டும். ஆனால் ‘இங்கே தெரிவது பெரும்பாலும் நீராவி’ என்று அடிக்குறிப்பு வராமல் நான் ஒப்புதல் தர முடியாது. சொல்லடைவில் உமிழ்கொடிக்கும் ஓர் இடம் கேட்கிறேன்.