மறுமொழி: ‘ஊடுருவா மூளைத் தூண்டல்’ பொருந்துமா?

ஐயா, வணக்கம். கலைச்சொல் குழுவினருக்கும் வணக்கம். ‘non-invasive brain stimulation’ என்பதற்குத் தமிழ்ப் பெயர் தேடும் நம் உரையாடலில் நீங்கள் கேட்டது இது:

> தலையைத் திறக்காமல் மூளையைத் தூண்டும் முறைகள் எல்லாவற்றுக்கும் ‘ஊடுருவா மூளைத் தூண்டல்’ என்றே வைத்துக்கொள்ளலாமே?

‘ஊடுருவா’ என்பதுதான் எனக்கு ஒப்பவில்லை. எக்ஸ் கதிருக்கு ‘ஊடுருவும் திறன்’ உண்டு என்று பள்ளியிலேயே படித்துவிட்டோம். கத்தி படாமல் உடலுக்குள் புகுவதுதான் அங்கே ஊடுருவல். இங்கும் நடப்பது அதுதான். 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆன்டனி பார்க்கர் குழுவினர் ஒரு கம்பிச்சுருளைத் தலைமேல் வைத்து மின்துடிப்பைச் செலுத்தினார்கள். மறுபக்கத்துக் கை துடித்தது. தோலையும் மண்டையோட்டையும் காந்தப்புலம் ஊடுருவிப் போனதால்தானே அது நடந்தது? ஊடுருவினால்தான் பலன் என்கிற முறைக்கு ‘ஊடுருவா’ என்று பெயர் வைத்தால், இயற்பியல் படித்த பிள்ளை முதல் வரியிலேயே குழம்பும்.

இங்கே இல்லாதது வெட்டும் துளையும்தான். பார்க்கின்சன் நோய்க்குச் செய்யும் ஆழ்மூளைத் தூண்டலில் மண்டையோட்டைத் துளைத்து மின்முனையை உள்ளே வைக்கிறார்கள். அதிலிருந்து பிரித்துக் காட்டினால் போதும். ஆகவே என் முன்மொழிவு ‘கீறா மூளைத் தூண்டல்’. வாடா மலர், அழியாப் புகழ் போல எதிர்மறைப் பெயரெச்சம். சின்னச் சொல், வாய்க்கும் எளிது. ‘துளையா’ என்றும் யோசித்தேன், ஆனால் எழுத்தில் அது கேள்வி போலத் தெரிகிறது. ‘புறவழி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அது சாலைக்கும் இதய அறுவைக்கும் ஏற்கெனவே போய்விட்டது.

நான் தலைக்காயப் பிரிவில் இயன்முறை மருத்துவராக வேலை செய்கிறேன். விபத்தில் அடிபட்டவரின் குடும்பத்தார் இந்த முறையைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்தால் இரண்டே கேள்விதான் கேட்பார்கள்: “மறுபடி தலையைத் திறப்பீங்களா?”, “ஷாக் வைப்பீங்களா?” முதல் கேள்விக்குக் ‘கீறா’ பதில் சொல்லிவிடும். இரண்டாவதற்காகத்தான் ‘அதிர்வு’, ‘அதிர்ச்சி’ என்று வரும் எந்தச் சொல்லும் வேண்டாம் என்கிறேன். மனநல மருத்துவத்தின் மின்னதிர்வு சிகிச்சையில் செல்வது சுமார் 800 மில்லிஆம்பியர். நாம் பேசும் முறைகளில் ஒன்று, உப்புநீரில் நனைத்த பஞ்சைத் தலையில் வைத்து மெல்லிய மின்னோட்டம் செலுத்துவது; அதில் செல்வது 1 அல்லது 2 மில்லிஆம்பியர். அளவைவிட முக்கியம் நோக்கம். அங்கே கட்டுப்பாட்டோடு ஒரு வலிப்பை வரவழைப்பதுதான் சிகிச்சை. இங்கே வலிப்பு வந்துவிடக் கூடாது என்பதுதான் முதல் எச்சரிக்கை. அடிபட்ட மூளை ஏற்கெனவே வலிப்புக்கு இடம் கொடுக்கும் மூளை. அதனால் இந்த இரண்டையும் ஒரே சொல்லுக்குள் அடைப்பது ஆபத்து.

அடுத்து, கம்பிச்சுருள் முறைக்குச் சொல்லப்பட்ட ‘காந்தத் தூண்டல்’ என்ற பெயர். பாடநூலில் ஃபாரடேயின் ‘மின்காந்தத் தூண்டல்’ என்று ஒன்று இருக்கிறது. நம் கருவி வேலை செய்வதே அந்த விதிப்படிதான்: சுருளில் மாறும் காந்தப்புலம், மூளையில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது, அந்த மின்னோட்டம் நரம்பணுவைத் தூண்டுகிறது. ஒரே வாக்கியத்தில் இரண்டு தூண்டல், இரண்டு பொருள்! உயிரியலில் ‘தூண்டல், துலங்கல்’ என்று ஊன்றிவிட்ட சொல்லை மாற்ற எனக்கு மனமில்லை. எது தூண்டப்படுகிறது என்பதைச் சேர்த்துச் சொன்னால் சிக்கல் தீரும். ‘காந்தவழி மூளைத் தூண்டல்’ என்றால் யாரும் ஃபாரடேயிடம் போகமாட்டார்கள்.

பஞ்சு வைக்கும் முறைக்கு ‘நேரோட்டவழி மூளைத் தூண்டல்’ எனலாம். ‘நேர்த்திசை மின்னோட்டம்’ என்ற தமிழ்நாட்டுப் பாடநூல் சொல்லைவிட இலங்கையின் ‘நேரோட்டம்’ கையடக்கமாக இருக்கிறது. ஒரு உறுத்தல் மட்டும் உண்டு: 2000இல் ஜெர்மனியின் கெட்டிங்கனில் ஆய்வாளர்கள் நிட்ஷேவும் பவுலஸும் காட்டியது, இந்த மெல்லிய மின்னோட்டம் மூளையின் மேற்படலமான புறணியின் கிளர்வுநிலையைக் கூட்டவோ குறைக்கவோ செய்கிறது என்பதை. அது நரம்பணுவில் நேரடியாகத் துடிப்பை எழுப்புவதில்லை. கறாராகப் பார்த்தால் இது தூண்டல் அல்ல, ‘பண்பேற்றம்’, அதாவது இருக்கும் செயல்பாட்டைக் கூட்டிக் குறைப்பது. இருந்தாலும் உலக வழக்கில் இரண்டையும் ஒரே குடும்பமாகத்தான் வைத்திருக்கிறார்கள்; நாமும் அப்படியே விடலாம்.

‘மூளை மீட்புச் சிகிச்சை’ என்ற பரிந்துரையை மட்டும் தயவுசெய்து ஏற்க வேண்டாம். பெயரே வாக்குறுதி கொடுக்கக் கூடாது. பெல்ஜியத்தின் லீஜ் குழு 2014இல் வெளியிட்ட ஆய்வில், குறைந்தபட்ச நினைவுநிலையில் (சுயநினைவின் அடையாளம் லேசாக, விட்டுவிட்டு மட்டும் தெரியும் நிலை) இருந்த 30 பேரில் 13 பேரிடம் நேரோட்டவழித் தூண்டலின் ஒரே அமர்வுக்குப் பின் முன்னேற்றக் குறிகள் தெரிந்தன. நம்பிக்கை தரும் சேதிதான். ஆனால் பக்கவாதத்தில் செயலிழந்த கைக்காக அமெரிக்காவில் பல மையங்களில் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், காந்தவழித் தூண்டல் பெற்றவர்களும், பெற்றதுபோல் மட்டும் செய்யப்பட்டவர்களும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத் தேறினார்கள். இரு தரப்புக்கும் கைப்பயிற்சி கொடுக்கப்பட்டிருந்தது. பயிற்சியோடு சேரும் துணைதான் இது, பயிற்சிக்கு மாற்று அல்ல.

அந்த ‘பெற்றதுபோல் மட்டும்’ என்பதற்கும் ஒரு சொல் தேவை. ‘போலித் தூண்டல்’ என்று ஒப்புதல் படிவத்தில் அச்சடித்தால், தங்களை ஏமாற்றுகிறார்கள் என்றுதான் குடும்பத்தார் எடுத்துக்கொள்வார்கள். ‘வெற்றுத் தூண்டல்’ எப்படி இருக்கிறது?

அப்புறம், ‘மறுவாழ்வு’ பற்றி. தமிழ்நாட்டில் அந்தச் சொல்லைக் கேட்டதும் குடிநோய் மையம் நினைவுக்கு வருகிறது. இலங்கையில் ‘புனர்வாழ்வு’ போர் முடிந்த 2009க்குப் பிறகு வேறொரு கனத்தைச் சுமக்கிறது. மூளைக்காயத்துக்குப் பின் கை கால், பேச்சு, நினைவு ஆகியவற்றைத் திரும்பப் பழக்குவதற்கு ‘மீள்பயிற்சி’ என்று நான் எழுதிவருகிறேன். இலங்கை நண்பர்களுக்கு இது ஏற்புடையதா, அங்கே மருத்துவமனைகளில் எப்படிச் சொல்கிறார்கள் என்று எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டுப் பட்டியலை இறுதி செய்யலாம்.