நியூ ஜெர்சி எடிசன் பக்கம் ஃபுட் பேன்ட்ரி (இலவச உணவுப்பொருள் தரும் இடம்) விவரம் வேண்டும் (நவம்பர் 2025)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் அபார்ட்மெண்டில் கீழ்வீட்டு அக்காவுக்காகக் கேட்கிறேன். தனியாக இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறார், சின்னவன் கைக்குழந்தை. கடையில் பகுதி நேர வேலை. மளிகைச் செலவு ஓடுவதே ஸ்னாப் (குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு உணவு வாங்க அமெரிக்க அரசு மாதாமாதம் தரும் உதவி) பணத்தில்தான்.

2025 அக்டோபர் 1-ல் செலவுக்கு ஒப்புதல் கிடைக்காமல் அமெரிக்க மத்திய அரசு முடங்கியது, நவம்பர் தவணை இன்னும் ஏறவில்லை. நேற்று இபிடி கார்டின் (ஸ்னாப் பணம் ஏறும் அட்டை) பின்னால் இருக்கும் நம்பருக்கு அடித்துப் பார்த்தோம், மீதி 3 டாலர் சொச்சம். அவசர நிதியை எடுத்துக் கொடுக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவு போட்டிருக்கிறது. ஆனால் எப்போது ஏறும் என்று யாரும் சொல்வதில்லை. 2018-19 முடக்கத்தில் பிப்ரவரிப் பணத்தை ஜனவரியிலேயே போட்டுவிட்டார்கள். நான்கு கோடிக்கும் அதிகமானோர் நம்பியிருக்கும் திட்டம், இந்த முறை அந்த அக்கறைகூட இல்லை.

மாலையிலோ சனி, ஞாயிறிலோ திறந்திருக்கும் பேன்ட்ரி எது? அவரிடம் கார் கிடையாது, பஸ் போகிற இடமாக இருந்தால் நல்லது. ஐடி, முகவரிச் சான்று கேட்பார்களா? 211-க்கு (உதவி கிடைக்கும் இடங்களைச் சொல்லும் தொலைபேசி எண்) அடித்து ஒரு பட்டியல் வாங்கினோம், அதில் பாதி இடங்கள் வேலை நாளில் பகலில் மட்டும்தான்.

விக் திட்டத்தில் (தாய்மார்கள், சிறு குழந்தைகளுக்கான அரசு உணவு உதவி) பால் பவுடர் இன்னும் கிடைக்கிறது, அது வேண்டாம். டயபர் சைஸ் 4 தேவை (ஸ்னாப் பணம் வந்தாலும் அதில் டயபர் வாங்க முடியாது, பலருக்கு இது தெரியாது). அரிசி, பருப்பு நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். பணம் அனுப்ப வேண்டாம், வாங்க மாட்டார். யார், எந்த ஊர்க்காரர் என்றும் கேட்காதீர்கள். தெரிந்தவர்கள் இங்கேயே பதில் போடுங்கள், இதே நிலையில் குழுவில் வேறு யாராவது இருந்தால் அவர்களும் பார்க்கட்டும்.